ஒரு சுவர் தள்ளி

மேலிருந்து பார்த்தால் அந்தத் தெருவில் நீலக் கூரை ஒன்றே ஒன்றுதான். கீழே வந்து நின்றால் எந்த வீட்டுக்கும் கூரையே இல்லை. சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, வாசலில் செருப்பும் குப்பைக் கூடையும் இருக்கின்றன, தலைக்கு மேல் மின்கம்பிகள் தொங்குகின்றன. நீலத் தகரம் எங்கே என்று வரைபடக்காரி கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தாள். இந்த ஊரின் சந்துபொந்தெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எந்தச் சாக்கடை எங்கே திரும்புகிறது, எந்தத் தெரு முட்டுச்சந்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் இந்தத் தெருவில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. நீச்சலைப் பற்றிப் புத்தகம் எழுதியவன் குளத்தில் இறங்கின கதைதான். தோளில் தொங்கிய பையில் ஒரு சட்டைத் துணி இருந்தது. காலையில் கடையில் போய், கைக்கு முதலில் வந்ததை எடுத்தது.

“யாரைத் தேடுறீங்க?”

வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள்.

“தையல் கடை இங்கதானே?”

“அதுவா? அடுத்த கதவு.” கையைக் காட்டிவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள். “அவசரம்னா மார்க்கெட் பக்கம் ரெண்டு கடை இருக்கு. நல்லாத் தைப்பாங்க. இங்க... நான் ஒண்ணும் சொல்லலப்பா. போஸ்டர் பாத்திருப்பீங்களே?”

“எந்தப் போஸ்டர்?”

“காசநோய்ப் போஸ்டர்தாங்க. ஊரே பாத்துச்சு. நீங்க என்ன வெளியூரா?”

வரைபடக்காரி அந்தப் பெண்ணின் வீட்டுக் கதவெண்ணைப் பார்த்தாள். பச்சைச் சாயத்தில் எழுதியிருந்தது. அந்த எண்ணை அவள் அலுவலகக் கணினியில் தன் கையால் தட்டியிருக்கிறாள். அதற்கு நேராக ஓர் ஆணின் பெயர், வயது, பள்ளி வேன் ஓட்டுநர் என்று தொழில், மருந்து தொடங்கிய மாதம். வீட்டில் இருக்கும் மற்றவர்களையும் பரிசோதித்தாயிற்று, யாருக்கும் இல்லை என்று ஒரு குறிப்பு. அப்படியானால் இவளுக்கு எல்லாம் தெரியும். புள்ளி ஒரு சுவர் தள்ளி விழுந்த அன்றைக்கு இவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். தூங்கினால் தப்பென்று சொல்ல வரைபடக்காரிக்கு வாய் இல்லை.

அப்போதுதான் தன் கழுத்தில் சுகாதார அலுவலக அட்டை தொங்குவதைக் கவனித்தாள். அவசரமாகக் கழற்றிப் பைக்குள் போட்டாள். மழை விட்ட பிறகு குடையை விரித்த மாதிரிதான். பக்கத்து வீட்டுக்காரியின் கண்கள் அதை ஏற்கெனவே படித்து முடித்திருந்தன. அவள் கையிலிருந்த குவளைத் தண்ணீர் செடியில் விழாமல் அவள் காலிலேயே விழுந்துகொண்டிருந்தது.

சுகாதார அலுவலகத்தில் வரைபடக்காரிக்கு ஜன்னல் இல்லாத ஓர் அறை. கொசு எங்கே அதிகம், தடுப்பூசி போடாத பிள்ளைகள் எங்கே அதிகம், எந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு என்று ஊரின் நோவுகளையெல்லாம் வாங்கி நிறம் பூசிக் கொடுப்பது அவள் வேலை. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் லாரி மருந்தடிக்கப் போகும், நர்சுகள் பையைத் தூக்குவார்கள். இத்தனை வருடத்தில் அவள் வீட்டின் மேல் மட்டும் எந்தப் புள்ளியும் விழுந்ததில்லை. பிரசவம் இல்லை, குழந்தை இல்லை, சர்க்கரை இல்லை, காய்ச்சல்கூட இல்லை. நாய்க்கடிப் படம் போட்டபோது, நோயாளிகளுக்கு வீட்டுக்கு வீடு மருந்து கொண்டுபோகும் மாத்திரைக்காரர் எட்டிப் பார்த்து, “என்னக்கா, உங்க தெரு மட்டும் துடைச்சுவெச்ச மாதிரி இருக்கு?” என்றார்.

“நாய்கூட என்னை மதிக்கறதில்ல,” என்றாள்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பது அவர் கண்ணில் படவில்லை.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. நோயாளியின் புள்ளியை நோயாளியின் வீட்டின் மேல் வைக்கக்கூடாது. கணினி சோழியைக் குலுக்கிப் போட்ட மாதிரி ஏதாவது ஒரு திசையில் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடும். வெறும் சாலைக்கோடுகள் மட்டும் உள்ள படத்தில் இதனால் யாருக்கும் கேடில்லை. ‘இந்தப் பக்கம் நோய் இருக்கிறது’ என்று தெரியும், ‘யாருக்கு’ என்று தெரியாது. இந்தத் தடவை, காசநோய்ப் போஸ்டருக்கு, அலுவலகத் தலைவியான பெரிய டாக்டரம்மாவுக்கு அது போதவில்லை. “வெறும் கோட்டைப் பாத்தா யாருக்கு என்ன புரியும்? அவங்கவங்க வீடு படத்துல தெரியணும். அட, நம்ம தெருவுலயான்னு பதறணும். அப்பதான் இருமிக்கிட்டே வீட்ல கிடக்கறவன் ஆஸ்பத்திரிக்கு வருவான்.” நியாயமான பேச்சு. வரைபடக்காரி கோடுகளைத் தூக்கிவிட்டு ஆகாயத்திலிருந்து எடுத்த புகைப்படத்தை அடியில் விரித்தாள். மரமும் தண்ணீர்த் தொட்டியும் மொட்டைமாடியில் காயும் துணியும்கூடத் தெரிந்தன. அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் கெடுத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, புள்ளிகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன, இனி ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் யாரோ ஒருவருடைய வீடு இருக்கிறது என்பது உறைக்கவில்லை.

போஸ்டர் மருத்துவமனைச் சுவரிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஏறியது. நல்லதும் நடந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்த சிலர் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். கூடவே எவனோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் படம்பிடித்து, நீலக் கூரையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, தெருக்காரர்களின் வாட்ஸப்பில் ஏற்றிவிட்டான்.

“அக்கா, உங்க புள்ளி ஒரு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுடுச்சு,” என்று மாத்திரைக்காரர்தான் வந்து சொன்னார். நீலக் கூரைக்குக் கீழே இருக்கும் தையல்காரி வீட்டுக்கு இப்போது யாரும் போவதில்லை. கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். தைத்து முடித்ததை வாங்க வரவே இல்லை.

வரைபடக்காரி பெரிய டாக்டரம்மாவிடம் ஓடினாள். போஸ்டரை அன்றைக்கே எடுக்கச் சொல்லிவிட்டார்.

“அது அந்த வீடு இல்லைன்னு ஒரு நோட்டீஸ் போட்டுடலாமா மேடம்?”

“யோசிச்சுப் பேசுங்க. அந்த வீடு இல்லைன்னா எந்த வீடுங்கறதுதான் அடுத்த கேள்வி. பக்கத்துல இருக்கறதே ரெண்டு வீடு. பொழுது சாயறதுக்குள்ள கண்டுபிடிச்சுடுவாங்க. அவன் ஸ்கூல் வேன் ஓட்டுறவன். இப்ப அவன்கிட்டேருந்து யாருக்கும் ஒட்டாது, அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். புள்ளையப் பெத்தவங்ககிட்ட சொல்லிப் பாருங்க. வேலை போயிடும். வேலை போனா மருந்தையும் விட்டுடுவான்.”

பேச்சில் ஒரு பிழை இல்லை. அதுதான் வரைபடக்காரியை உறுத்தியது. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துப் படுத்திருக்கலாம். யாரும் அவளைத் தையல்காரியிடம் போகச் சொல்லவில்லை. போய் என்ன சொல்வாய் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் துணிக்கடைக்குப் போனாள்.

கடை என்று தனியாக எதுவும் இல்லை. வீட்டின் முன்னறைதான் கடை. வாசலைப் பார்த்து மிதிமிஷின், அதன் பின்னால் வெட்டும் மேசை, ஒரு சுவரில் ஆளுயரக் கண்ணாடி. கம்பியில் தைத்து முடித்த உடுப்புகள் தொங்கின. அவற்றின் தோளில் தூசி படிந்திருந்தது. மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்த தையல்காரி மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். ஓடாத மிஷினுக்கு எண்ணெய் எதற்கு என்று கேட்க முடியாத முகம்.

“வாங்க. உக்கார்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு ஒரு நோயும் கிடையாது. டெஸ்ட் எடுத்தாச்சு. சீட்டு கண்ணாடில ஒட்டியிருக்கு, படிச்சுக்குங்க. படிக்காம உக்காந்துட்டு அப்பறம் எந்திரிச்சு ஓடினா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

வரைபடக்காரி சீட்டைப் பார்த்தாள். அவள் அலுவலக முத்திரை.

“ஒருத்தி அதைப் படிச்சுட்டு என்ன சொன்னா தெரியுமா? ‘இன்னிக்கு இல்லைன்னுதானே போட்டிருக்கு, நாளைக்கு வந்தா?’ங்கறா. அவ வீட்டுக்காரர் தொப்பை வருஷத்துக்கு எவ்வளவு ஏறுதுன்னு அவளைவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும். அப்படி ஒட்டி உறவா இருந்தவ. இப்ப தெருவுல என்னைப் பாத்தா முந்தானையால மூக்கைப் பொத்திக்கறா.”

“அந்தப் போஸ்டர் நான் போட்டது,” என்றாள் வரைபடக்காரி.

சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை. வாயிலிருந்து விழுந்துவிட்டது. தையல்காரி எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

“நீயா?”

“நான்தான்.”

“நான் உனக்கு என்ன பண்ணினேன்? உன்னை முன்னப்பின்ன பாத்ததுகூட இல்லையே.”

வரைபடக்காரி விளக்கினாள். கூட்டத்தில் அதிகாரிகளுக்குச் சொல்வது போலத்தான் அவளுக்குச் சொல்லத் தெரியும். விதி, கணினி, திசை, அடியில் விரித்த புகைப்படம். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஏதோ திருட்டுப்பயல் போலீஸிடம் அவிழ்த்துவிடும் கதை மாதிரி இருந்தது.

“அப்ப, என் வீடு இல்லைன்னு தெரிஞ்சேதான் என் தலைல வெச்சிருக்க.”

“உங்க வீடுன்னு தெரிஞ்சு வைக்கலம்மா. கம்ப்யூட்டர் அதுவா—”

“அது மேல பழியப் போடாத. கம்ப்யூட்டரா வந்து இங்க நிக்குது? நீதானே நிக்கற.” தையல்காரி எழுந்தாள். “சரி, தள்ளி வெச்சேங்கற. எங்கேருந்து தள்ளின?”

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. வரைபடக்காரி சுவரைப் பார்க்காமல் இருக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியிலும் அந்தச் சுவர்தான் தெரிந்தது.

“அதைச் சொல்ல முடியாது.”

“முடியாதா, தெரியாதா?”

“முடியாது.”

“அப்பத் தெரியும்.” தையல்காரியின் குரல் இறங்கியது. இறங்கியபோதுதான் பயமாக இருந்தது. “இங்க பாரு. மிஷினை விலை பேசிட்டுப் போயிருக்கான் ஒருத்தன். அடுத்த வாரம் வண்டி கொண்டாறேன்னான். என் மக தூரத்துல இருக்கா, வந்துடும்மான்னு கூப்பிடறா. போனா அவ மாமியா முன்னாடி ஒரு மூலைல உக்காந்துக்கிட்டு, பேரன் மூக்கைத் துடைச்சுவிட்டுக்கிட்டு, போடறதைத் தின்னுட்டுக் கிடக்கணும். என் புருஷன் போனப்பக்கூட நான் யார் வீட்டு மூலைலயும் உக்காரல. இந்த மிஷின் முன்னாடிதான் உக்காந்தேன். ஒரு பேர் சொல்லு. ஒரே ஒரு பேர். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

பொய். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். சொல்லாமல் எப்படி இருப்பாள்? சொன்னால்தானே கதவு திறக்கும், ஆள் வரும். அவள் இடத்தில் இருந்தால் வரைபடக்காரி கூரை மேல் ஏறிக் கத்தியிருப்பாள். பெயர் நாக்கின் நுனியில் இருந்தது. நாலெழுத்து. ஒரு பெயரைச் சொல்லாமல் வைத்திருப்பது இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அறையில் தனியாக இருக்கும்போது பெயர்கள் கனப்பதில்லை. சொல்ல ஆள் இல்லாத இடத்தில் ரகசியத்துக்கு என்ன எடை?

“மன்னிச்சுடுங்க,” என்றாள்.

“அதை வெச்சு நான் என்ன பண்ணட்டும்? பொத்தான் தைக்கட்டுமா?” தையல்காரி கையை நீட்டினாள். “பையில என்ன? துணியா? குடு. வேடிக்கை பாக்க வந்தாலும் வெறுங்கையோட வரல.” விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். “எடுத்திருக்கற நிறத்தைப் பாரு. சாக்கு மாதிரி. கூட யாரும் வரலியா கடைக்கு?”

“யாரும் இல்ல.”

“அது பாத்தாலே தெரியுது. வா, வாசல் பக்கமா வந்து நில்லு. நாலு பேர் பாக்கட்டும். அதுக்காவது உதவு.”

வாசலில் நிற்க வைத்து அளவெடுத்தாள். எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாடா தோளிலிருந்து மணிக்கட்டுவரை போனது, முதுகைச் சுற்றி வந்தது, கழுத்தில் குளிர்ச்சியாக உட்கார்ந்தது. போன வருடம் இரத்தம் எடுத்த நர்சுக்குப் பிறகு அவளை யாரும் தொட்டதில்லை. அழுகையெல்லாம் வரவில்லை. கூச்சமாக இருந்தது. தன் முதுகு இவ்வளவு அகலம் என்று அவளுக்கே இப்போதுதான் தெரிகிறது, அவ்வளவுதான்.

“மூச்சை இழுத்துப் பிடிக்காத. அப்பறம் சட்டைக்கும் மூச்சு முட்டும்.”

தெருமுனையில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வாசலில் அவசரமாக ஏதோ கிசுகிசுப்பு. கொஞ்ச நேரத்தில், கிழிந்த ரெக்சின் உறை ஒன்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் படியேறி வந்தார். ஒல்லியான மனிதர். சட்டை இரண்டு சுற்று பெரிதாக இருந்தது. உடம்பு தேறி வருகிறவர்களின் சட்டை அப்படித்தான் இருக்கும்.

“என்ன அண்ணே, வழி தெரிஞ்சுதா?” என்றாள் தையல்காரி. “அடுத்த கதவுதான். ஆனா வர ஒரு மாசம் ஆயிடுச்சு.”

“சீட் கவரு... பசங்க நோண்டி நோண்டி இப்படி ஆக்கிட்டானுங்க.”

“வீட்டம்மா மார்க்கெட்ல நல்ல கடை இருக்குன்னு சொல்லலியா? ஊருக்கெல்லாம் சொல்றாங்களே.”

 வேன்காரரின் கண் வரைபடக்காரியின் மேல் இருந்தது, அட்டையைப் பற்றி வீட்டம்மா சொல்லியிருக்க வேண்டும். இதுவரை எதைச் சொன்னாய், இனி எதைச் சொல்லப்போகிறாய் என்று அந்தக் கண் கேட்டது. வரைபடக்காரி சட்டென்று தலையைக் குனிந்து, தன் கையின் மேல் கிடந்த அளவு நாடாவின் எண்களைப் படிக்க ஆரம்பித்தாள். ரொம்பக் கவனமாகப் படித்தாள். புள்ளியைத் தள்ளி வைக்கக் கற்றிருந்தாள். முகத்தைத் தள்ளி வைக்க யாரும் கற்றுக் கொடுத்ததில்லை.

நாடா நின்றுவிட்டது. நிமிர்ந்தபோது தையல்காரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேன்காரரைப் பார்த்தாள். பிறகு நடுச்சுவரை.

 அப்போதுதான் வேன்காரருக்கு இருமல் கிளம்பியது.

கிளம்பியது என்பது தொண்டையில் தெரிந்தது, சத்தம் வரவில்லை. ரெக்சின் உறையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. மருந்து கிருமியை அடக்கிவிடும், இருமல் மட்டும் போக மனமில்லாத விருந்தாளி மாதிரி உடம்பைவிட்டுப் போக நாளாகும். அது வரைபடக்காரிக்குத் தெரியும். இப்போது அவர் இருமினால் இங்கே யாருக்கும் ஒன்றும் ஒட்டாது, தெருவுக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை என்பதும் தெரியும். எதிர்வீட்டுப் பெண்களில் ஒருத்தி எழுந்து நின்றாள். பக்கத்து வாசலில் குவளையோடு நின்றவள் அசையவில்லை. தெரு முழுக்க ஒரு காதாகிவிட்டது.

அவர் இருமட்டுமே என்று வரைபடக்காரிக்குள் ஒன்று சொன்னது. தெளிவாகச் சொன்னது. அவர் இருமிவிட்டால் போதும். அவள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. விதி உடையாது. மிஷினை ஏற்றிப்போக வண்டி வராது. வேன்காரரின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

தையல்காரி நாடாவை வரைபடக்காரியின் தோளிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு மிஷின் முன் உட்கார்ந்தாள். சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மிதிக்கத் தொடங்கினாள்.

பழைய மிஷின். ஓடினால் மேசை, கண்ணாடி, கம்பியில் தொங்கும் உடுப்பு எல்லாம் ஆடும். சத்தம் அறையை நிறைத்துத் தெருவுக்கு வழிந்தது. அந்தச் சத்தத்துக்குள் புகுந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக் குனிந்துகொண்டு, வேன்காரர் இருமினார். குடலே வெளியே வந்துவிடும் போல இருமினார். தையல்காரி அவர் பக்கம் திரும்பவில்லை. முகம் கல்லாக இருந்தது. கண் தெருவைப் பார்த்திருந்தது. இரண்டு கைகளையும் தகட்டின் மேல் வைத்து, எதையோ மெல்ல மெல்லத் தள்ளிக் கொடுப்பது போல நகர்த்திக்கொண்டே மிதித்தாள். எதிர்வீட்டுப் படியில் எழுந்து நின்றவள் மறுபடி உட்கார்ந்தாள்.

தோளில் நாடாவோடு நின்ற வரைபடக்காரிக்கு மட்டும்தான் அங்கிருந்து மிஷின் தெரிந்தது. தகட்டின் மேல் துணி இல்லை. அடியில் நூல் சிக்கி, ஒரு கரிய உருண்டையாகத் திரண்டுகொண்டிருந்தது. ஊசி வெறும் ஓட்டைக்குள் இறங்கி இறங்கி ஏறியது.